மொட்டைவாலுக்குக் கொடுத்த லஞ்சம்

பிப்ரவரி 9, ஞாயிறு

அவரை போச்சு. முழுப் பாத்தியும்!

காலையில் வாயில் பிரஷ்ஷோடு கொல்லைக் கதவைத் திறக்கிறேன், நேற்றுவரை இரண்டிரண்டு இலை விட்டு நின்ற நாற்றுகள் எல்லாம் வேரோடு வெளியே கிடக்கின்றன. தின்றிருந்தாலாவது பசி என்று விட்டுவிடலாம். தின்னவில்லை. பிடுங்கி, பக்கத்திலேயே படுக்கவைத்துவிட்டுப் போயிருக்கின்றன. நடுவில் ஒரு காகம், சித்தாள் செய்த வேலையைச் சரிபார்க்கும் மேஸ்திரி மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துகொண்டிருந்தது. சுவர்மேல் இன்னொன்று. அதற்கு வால் பாதிதான் இருக்கிறது. மேஸ்திரி, மொட்டைவால். பெயர் வைத்துவிட்டேன். பெயர் இருந்தால்தான் திட்ட வசதி.

கோபம் நாற்றுக்காக மட்டும் இல்லை. இந்த வீட்டுக்கு வந்ததே இந்தக் கொல்லைக்காகத்தான். பிறந்ததிலிருந்து நாலாவது மாடி, ஆறாவது மாடி என்றே இருந்தவள் நான். ஜன்னலில் ஒரு தொட்டி வைத்தால் கீழ்வீட்டுக்காரர் தலையில் தண்ணீர் சொட்டுகிறது என்று சண்டைக்கு வருவார். எனக்கென்று ஒரு பிடி மண் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. அதற்குள் அதற்கும் ஆபத்து.

மேல்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மாவின் மாப்பிள்ளை புதுக் கார் வாங்கியிருக்கிறார். அதை நிறுத்தக் கொல்லை முழுக்கக் கல் பதிக்க வேண்டுமாம். போன வாரம் நான் கெஞ்சிய கெஞ்சலில் அந்த அம்மா பால்கனியிலிருந்து ஒரு கெடு வைத்தார். "மார்ச் கடைசி வரைக்கும் பாக்கறேன். பூவோ காயோ ஏதாவது ஒண்ணு என் கண்ணுல படணும். படலேன்னா கல்லுதான்."

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "அந்தக் கறுப்புப் பூனை எப்பப் பாத்தாலும் அங்கேயே படுத்திருக்கு. மொதல்ல அதைத் துரத்து."

பூனையா? இங்கே ஏது பூனை? திட்ட வேறு காரணம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 10

தக்காளி நாற்று வாங்கி நட்டாயிற்று. இந்தத் தடவை விடமாட்டேன். யாரிடம்!

பிப்ரவரி 12, புதன்

இன்று எனக்கு ஒரு யோசனை வந்தது பாருங்கள் — யாரைப் பார்க்கச் சொல்கிறேன், இதை நான்தானே படிக்கப்போகிறேன். இருந்தாலும் சொல்கிறேன். நம் கடையிலேயே இருக்கிறது ஆயுதம்!

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் வேலைக்காரி நான். புது பிரேம்களில் காட்சிக்குப் போட்டு வரும் வெற்று லென்ஸ்கள் கூடை நிறைய இருக்கும், எல்லாம் குப்பைக்குத்தான். ஒரு பை நிறைய அள்ளி வந்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் சின்னத் துளை போட்டு நூல் கட்டி, பாத்தியில் நட்ட குச்சிகளில் தொங்கவிட்டேன். வெயில் பட்டதும் கொல்லை முழுக்கப் பளீர் பளீர் என்று ஒரே மின்னல். காகங்கள் அலறிக்கொண்டு எதிர்வீட்டுக் கூரைக்கு ஓடின.

இவர் வேலை முடிந்து வந்து பார்த்தார். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டாலும் பதறாத மனிதர். "நல்லாத்தான் இருக்கு. காக்காவுக்குக் கண்காட்சி வெச்சிருக்கே," என்றார்.

பொறாமை.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஒரு லென்ஸ்கூட இல்லை.

இரண்டு நாள் பயந்தன. மூன்றாம் நாள் மொட்டைவால் வந்து, குச்சியில் உட்கார்ந்து, நூலை அலகால் இழுத்து இழுத்துக் காலடியில் மடித்துப் பிடித்து, லென்ஸைக் கொத்திக்கொண்டு பறந்தது. நான் ஜன்னலில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை! எங்கள் கடையில் ஆறு மாதம் பழகினவர்களுக்கும் அந்தக் கைநேர்த்தி வராது. அப்புறம் மேஸ்திரி வந்தது. அப்புறம் அவற்றின் சொந்தபந்தம் எல்லாம்.

"சரி, இனிமே என்ன பண்றதா உத்தேசம்?" என்று கேட்டார் இவர்.

"சமாதானம்," என்றேன்.

பிப்ரவரி 17, திங்கள்

சமாதானம் என்றால் லஞ்சம். வயிறு நிறைந்தால் நாற்றை ஏன் தொடப்போகின்றன? மளிகைக் கடையில் பச்சை வேர்க்கடலை வாங்கி, பாத்தியிலிருந்து தள்ளி, சுவர் ஓரத்தில் ஒரு தட்டில் வைத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, தட்டு காலி. நாற்றுப் பக்கம் ஒன்றும் திரும்பவில்லை!

"ஊர்ல எல்லாரும் மேலதிகாரியைக் காக்கா பிடிப்பாங்க," என்றார் இவர். "காக்காவையே காக்கா பிடிக்கிறவ நீ ஒருத்திதான்."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

பிப்ரவரி 20, வியாழன்

வெற்றி! நாலு நாளாக ஒரு நாற்றுக்கும் சேதமில்லை. தினமும் காலையில் கடலை. நான் கதவைத் திறந்தாலே மொட்டைவால் தலையைச் சாய்த்துக் கரகரவென்று ஏதோ சொல்கிறது. வணக்கம் என்றே எடுத்துக்கொள்கிறேன். கடையில் வாடிக்கையாளர்களிடம்கூட இதைத்தான் பேசுகிறேன். இன்று ஒருவர் கண்ணாடி வாங்க வந்து, வாங்காமலேயே போய்விட்டார். போகட்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அடப்பாவிகளா! லஞ்சத்தையும் வாங்கிக்கொண்டு, வாங்கினதைப் பதுக்க என் பாத்தியையே தோண்டியிருக்கிறீர்களே!

நடந்தது இதுதான். விடுமுறை நாள் ஆயிற்றே என்று தட்டை வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். மேஸ்திரி கடலையைத் தின்னவில்லை. வாய் நிறைய அடைத்துக்கொண்டு நேராகத் தக்காளிப் பாத்திக்கு நடந்தது. அங்கேதான் மண் இளகி இருக்கிறதாம். இளக்கியது யார், நான்! ஒரு நாற்றைப் பிடுங்கி ஓரமாக வைத்தது. அந்தக் குழியில் கடலையைப் போட்டது. மண்ணைத் தள்ளி, மேலே ஒரு சருகை எடுத்து மூடி, இரண்டடி பின்னால் போய்ச் சரியாக மறைந்திருக்கிறதா என்று பார்த்தது. மொட்டைவால் அடுத்த நாற்றுக்குப் போய்விட்டது. மற்றவை பாத்தி ஓரம், வாசற்படி ஓரம், நடைபாதை விரிசல் என்று மண் தெரிந்த இடமெல்லாம் புதைத்துக்கொண்டிருந்தன.

வயிற்றுக்குப் போக மிஞ்சியது வங்கியில். என் தக்காளி வெளியில்.

"லஞ்சம் வாங்கறவன் ரசீதா குடுப்பான்?" என்று கேட்டுவிட்டு இவர் குளிக்கப் போய்விட்டார்.

பிப்ரவரி 24

தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். கடலையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. போங்கடா.

மார்ச் 4, செவ்வாய்

ஒரு வாரமாகக் கொல்லைக் கதவைத் திறக்கவே இல்லை. இன்று துணி உலர்த்தப் போனவள், அப்படியே நின்றுவிட்டேன்.

பச்சை! பாத்தியில் பச்சை, வாசற்படி ஓரத்தில் பச்சை, சுவர் ஓரம் முழுக்கப் பச்சை. தக்காளி இல்லை, அவரையும் இல்லை. ஒரு காம்புக்கு நாலு இலை, உருண்டையாக, குண்டாக. சாயங்காலம் ஆனால் புத்தகத்தை மூடுகிற மாதிரி இலைகளை மடித்துக்கொள்கின்றன. களையா? ஒன்றை மெதுவாகப் பிடுங்கினேன். அடியில், இரண்டாகப் பிளந்து, தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் வேர்க்கடலை!

பதுக்கினதை மறந்துவிட்டன! ஞாபகசக்தியில் பெரிய மேதைகள் என்று நினைத்தேனே! நான் நட்டது ஒன்றும் உயிரோடு இல்லை, அவை மறந்தது எல்லாம் முளைத்துவிட்டது. ஈரத் துணி தரையில் விழுந்ததுகூடத் தெரியாமல் இவரை உள்ளேயிருந்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவரே இரண்டு தடவை "அட" என்றார். அவர் வாழ்நாளில் மொத்தமே ஐந்தாறு "அட" சொல்லியிருப்பார்.

மார்ச் 8, சனி

பால்கனியிலிருந்து குரல். "ஏம்மா, என்ன களையெல்லாம் மண்டிக் கெடக்கு? பிடுங்கலையா?"

"களையில்லம்மா, கடலைச் செடி! இன்னும் கொஞ்ச நாள்ல பூ வரும்மா!"

"கடலையாம். எனக்கு ஒரே பச்சையாத் தெரியுது, அவ்வளவுதான். பூனை வேற அங்கேயே கெடக்கு."

திரும்பவும் பூனை! கொல்லையை மூலைமுடுக்கெல்லாம் தேடிவிட்டேன். ஒரு வால்கூட இல்லை.

மார்ச் 14

இன்று கல் பதிக்கிற ஆள் வந்து அளந்துகொண்டு போனாராம். கடலைச் செடியை மிதித்துக்கொண்டே அளந்திருக்கிறார், செருப்புத் தடம் இருக்கிறது. அதென்ன அவசரம்? கெடு இன்னும் இருக்கிறதே.

மார்ச் 18, செவ்வாய்

எல்லாம் முடிந்துவிட்டது.

காலையில் அம்மா முகம் கழுவ மூக்குக் கண்ணாடியைக் கழற்றி பால்கனிச் சுவரில் வைத்திருக்கிறார். மொட்டைவால் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. மொட்டைவால்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்தேன். கண்ணாடியின் ஒரு காலைக் கவ்விக்கொண்டு, இன்னொரு கால் தொங்க, என் தலைக்கு மேலேயே கூரைப் பக்கம் பறந்தது.

அம்மா போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "கடலை போட்டுப் போட்டு வளத்தது யாரு? நீதானே! இனிமே மாசக் கடைசி வரைக்கும்லாம் இல்ல. திங்கக்கெழமை கல்லு வருது!"

கடலை மட்டுமா போட்டேன்? லென்ஸைத் தூக்கப் பழக்கியதும் நான்தானே? நூல் கட்டித் தொங்கவிட்டுப் பயிற்சிப் பள்ளிக்கூடமே நடத்தியிருக்கிறேன்! போடா மொட்டைவால். உனக்கு நான் என்னடா கெடுதல் பண்ணேன்? என் மண்ணு போச்சுடா.

கடையில் ஒரு பிரேமில் லென்ஸைத் தலைகீழாக மாட்டினேன். முதலாளியே வாங்கிச் சரியாக மாட்டிவைத்தார். முகத்தைப் பார்த்திருப்பார்.

மார்ச் 19, புதன்

கிடைத்துவிட்டது!

இவர் சாயங்காலம் வந்ததும் வராததுமாக ஏணியைச் சாய்த்துக் கூரைக்கு ஏறினார். மழைத் தண்ணீர் போகும் தகரக் கால்வாயில் மொட்டைவாலின் மொத்தக் கருவூலமும் இருந்திருக்கிறது. என் லென்ஸ்கள் ஒரு கை நிறைய, ஒரு தேக்கரண்டி, ஒரு சாவி, சேற்றில் முளைத்து நிற்கும் ஒரு கடலைச் செடி, அதன் பக்கத்தில் அம்மாவின் கண்ணாடி. ஒரு கால் உடைந்து, லென்ஸ் முழுக்க அலகுக் கீறல்.

"மேல போய்க் குடுத்துடவா?" என்றார்.

"நாளைக்குக் கடைக்கு எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணிக் குடுத்துடலாம்," என்றேன்.

மார்ச் 20, வியாழன்

செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கண்ணாடியைக் கடையில் பவர் பார்க்கும் மெஷினில் வைத்தேன். ரொம்பக் குறைந்த பவர். பிரேம் மாடலைப் பார்த்தால் கடைகளில் நின்றுபோய்ப் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். அத்தனை வருஷமாக இதையே போட்டுக்கொண்டு...

அப்போதுதான் பொறி தட்டியது. பூனை! வீட்டுக்கு வந்ததும் பையை எறிந்துவிட்டு பால்கனிக்கு நேர் கீழே போய் நின்றேன். சுவர் மூலையில் என் கறுப்பு வாளி, கவிழ்த்தபடி, கைப்பிடி ஒரு பக்கம் வளைந்து. அதுதான் பூனை! இந்த அம்மாவுக்குக் கொல்லையே தெரியவில்லை! பூவோ காயோ கண்ணில் படணும் என்றால், படுவதற்குக் கண் வேண்டாமா? நாள் முழுக்கக் கண்ணாடியோடு கிடக்கிறவள், என் தொழில் புத்தி எங்கே மேயப் போயிருந்தது?

இன்னொன்று. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். படியோரச் செடியில் பூ! குட்டியூண்டு மஞ்சள்!

மார்ச் 21, வெள்ளி

அம்மாவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிரேம் உடைந்துவிட்டதால் வேறு வழியில்லாமல்தான் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழி நெடுக வசவு. பிடித்த பிடியை மட்டும் விடவில்லை.

"கண்ணுக்கெல்லாம் ஒண்ணுமில்ல. உலகந்தான் முன்ன மாதிரி இல்ல, மங்கிப்போச்சு," என்று எங்கள் கடைக்கு வரும் கண் டாக்டரிடம் சொன்னார்.

டாக்டர் சுவரில் பெரிய எழுத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டார்.

"அது எழுத்தா? பூச்சி ஒக்காந்திருக்குன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாடியில் தனியாக, பாதி தெரிந்தும் தெரியாமலும், யாரிடமும் சொல்லாமல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறார். மாப்பிள்ளை காரில் வந்து போகிறாரே, ஒரு நாள் கேட்டிருக்கக் கூடாதா? கீழேயே இருந்த நானும்தான் கேட்கவில்லை.

மார்ச் 22, சனி

அம்மாவின் லென்ஸை நானே தீட்டினேன். வேறு யாரையும் தொட விடவில்லை.

"இதுவும் கடலைதானா?" என்று இவர் சாப்பிடும்போது கேட்டார்.

சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தேன். இல்லை. திங்கட்கிழமை கல் வந்தாலும் இந்தக் கண்ணாடி அவருக்கு வேண்டும். கொல்லையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. சொல்லிவிட்டேன் இவரிடமும். வாயை அடக்குவதுதான் கஷ்டம், எனக்கா தெரியாது.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் மேலே போய்க் கண்ணாடியை மாட்டிவிட்டேன். அம்மா முதலில் தன் கையைப் பார்த்தார், திருப்பித் திருப்பி. அப்புறம் என் முகத்தை. "நீ இவ்வளவு சின்னப் பொண்ணா?" என்றார். நாற்பது தாண்டியாயிற்று, இருந்தாலும் மனசு குளிர்ந்துபோயிற்று. ஒன்றும் கேட்காமல், நாக்கைக் கடித்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

துணி துவைக்கிற மாதிரி கொல்லையில் நின்றுகொண்டிருந்தேன். துணியே இல்லை. பால்கனிக் கதவு திறந்தது. நான் நிமிரவில்லை.

"ஏம்மா, அந்தப் பூனை..."

"அது வாளிம்மா."

அப்புறம் படியில் செருப்புச் சத்தம். நாங்கள் குடிவந்ததிலிருந்து அம்மா கொல்லைக்கு இறங்கி நான் பார்த்ததில்லை. வாளிப் பக்கத்தில் போய் நின்று, அதைக் காலால் ஒரு தட்டு தட்டினார். "இதையா நான் ரெண்டு மாசமா திட்டிக்கிட்டு இருந்தேன்?" என்று ஆரம்பித்த சிரிப்பு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் உட்காரும்வரை நிற்கவில்லை. உட்கார்ந்த இடத்தில்தான் முதல் பூ விட்ட அந்தச் செடி. மஞ்சள் பூக்களைப் பார்த்தார். குனிந்து ஒன்றைத் தொட்டார். தலையைத் தூக்கிப் பாத்தி, சுவர் ஓரம், விரிசல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இவ்வளவும் நீயா நட்டே?"

"நான் நட்டது எல்லாம் போச்சும்மா. இது காக்கா நட்டது."

முழங்காலில் கையூன்றி எழுந்து மேலே போய்விட்டார். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

வேலையிலிருந்து திரும்பும்போது கேட்டுக்கு வெளியே லாரித் தடம். சிமெண்டுத் தூசி. வந்துவிட்டது. கல் வந்துவிட்டது.

கண்ணை மூடிக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தேன்.

கல் இருந்தது. தரையில் இல்லை! பாத்தியைச் சுற்றி, சுவர் ஓரச் செடிகளைச் சுற்றி, நெட்டுக்குத்தாக நட்டு வரப்பு கட்டியிருந்தது. ஒரு செடிகூட மிதிபடவில்லை. மேலே பார்த்தேன், அம்மா பால்கனியில்.

"வாங்கின கல்லைத் திருப்பி எடுக்கமாட்டேங்கறான். என்ன பண்றது? அதான் ஓரமா நடச் சொன்னேன்," என்றார், கோபமாகப் பேசுகிற மாதிரி.

"காரும்மா?"

"தெருவுல நிக்கட்டும். அதுக்குத் தண்ணி ஊத்தவா போறோம்?"

நான் அழுதேன். அப்படியே மண்ணில் உட்கார்ந்து, வேலைக்குப் போட்டுக்கொண்டு போன உடுப்போடு அழுதேன். எழுந்தபோது உடுப்பெல்லாம் மண். என் மண்.

மார்ச் 30

மேல் பால்கனிச் சுவரில் ஒரு தட்டு. அதில் பச்சைக் கடலை. நான் வைக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பூ உதிர்ந்ததும் அதன் அடியிலிருந்து ஓர் ஊசி மாதிரிக் காம்பு கீழே இறங்கி, நேராக மண்ணுக்குள் போகிறது! காயை உள்ளே ஒளித்துவைக்கப் போகிறதாம். இந்தச் செடியும் காக்கா ஜாதிதான். அறுவடையில் மேஸ்திரி பங்கு கேட்கும். கேட்கட்டும், நட்டது அது.

மாப்பிள்ளை காலையில் வந்திருந்தார். காரை எதிர்வீட்டு மரத்தடியில் நிறுத்திவிட்டு, உர்ரென்று மேலே போனார். கொஞ்ச நேரத்தில் மொட்டைவால் கொல்லைக்கு வந்தது. வாயில் நீளமாக, கறுப்பாக ஒரு ரப்பர் பட்டை. வரப்புக் கல்லைத் தாண்டிப் பாத்தி ஓரத்தில் குழி பறித்து, பட்டையை மடித்து மடித்து உள்ளே திணித்தது. ஒரு முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சருகைப் போட்டுவிட்டு, பின்னால் போய்ப் பார்த்துவிட்டுப் பறந்துவிட்டது.

தெருவில் மாப்பிள்ளையின் குரல். "யாரு இங்க வந்தது? வைப்பர் ரெண்டையும் யாரோ கிழிச்சிருக்காங்க!"

நான் அசையாமல் நின்றேன்.

"என்ன பொதச்சுது அது?" என்று மேலேயிருந்து மெல்லிய குரல். அம்மா பால்கனிச் சுவரில் குனிந்திருந்தார், கண்ணாடியில் வெயில் பட்டு மின்ன.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லையா? எனக்கு இங்கேருந்தே தெரியுது. அந்த முனை வெளிய நீட்டிக்கிட்டிருக்கு பாரு. நல்லா மூடு."

மூடினேன்.